அட்டைப் பெட்டியிலே ஓர் ஆதிக் குகை யாத்திரை

உலகத்தைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இல்லாதவர் எவருமிலர். ஆயினும், ஆசை இருக்குமிடத்திற் பணம் இருப்பதில்லை. பணம் இருக்குமிடத்தில் ஓய்வு இருப்பதில்லை. இரண்டும் ஒருங்கே வந்து சேருங் காலத்தில் முழங்கால் இடங்கொடுப்பதில்லை. இவை யாவும் வாய்த்தவர்க்கும், "உள்ளே வரலாகாது" என்று கதவடைக்கப்பட்ட இடங்கள் சில இவ்வுலகில் உள. அத்தகைய இடமொன்றுக்கு நாம் அண்மையிற் சென்று வந்தோம். கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை, விமானச் சீட்டும் வாங்கினோமில்லை. வீட்டு விறாந்தையில் ஒரு சுழல் நாற்காலியில் அமர்ந்தவாறே, பிரான்ஸ் தேசத்தின் தென்பாகத்திலுள்ள ஷோவே என்னும் குகையினுள் நுழைந்து மீண்டோம். எம்மை அங்கு சுமந்து சென்ற வாகனம் வெறும் அட்டைப் பெட்டி ஒன்றேயாகும்.

வாகனத்தின் பூர்வீகம்

இப்பெட்டியின் கதை புதியதன்று. எமது இரு கண்களும் ஏறத்தாழ ஆறு சதமமீற்றர் இடைவெளியில் அமைந்திருப்பதால், ஒரே பொருளை அவை சிறிது வேறுபட்ட இரு கோணங்களில் நோக்குகின்றன. அவ்விரண்டு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைக்கும்போதே பொருளின் ஆழமும் தூரமும் எமக்குப் புலனாகின்றன. இவ்வுண்மையைச் சோதித்து விளக்கியவர் சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ஆண்டு 1838. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டேவிட் புறூஸ்ரர் என்பார் 1849 ஆம் ஆண்டில் இரு வில்லைகளைப் பொருத்திக் கைக்கடக்கமான கருவியொன்றை அமைத்தார். 1851 இல் லண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் விக்டோரியா மகாராணியார் அதனைக் கண்டு மகிழ்ந்தபின், கருவிக்குப் பெருங் கிராக்கி உண்டாயிற்று. அமெரிக்க எழுத்தாளராகிய ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861 இல் அதனை மேலும் எளிதாக்கினார். அதன்பின் மேனாட்டு இல்லங்கள் பலவற்றின் வரவேற்பறைகளில், எகிப்தின் கூர்ங்கோபுரங்களும், இமயத்தின் பனிமுடிகளும், எமது இலங்கைத் தீவின் காட்சிகளும் இரட்டைப் படங்களாக அட்டைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அந்தப் பழைய கருவியில் அட்டைப்படம் இருந்த இடத்தில், இன்று கைத்தொலைபேசி வந்து அமர்ந்திருக்கின்றது. கூகிள் நிறுவனத்தின் பாரிஸ் நகரக் கலைக்கூடத்திற் பணிபுரிந்த டேவிட் கோஸ், டேமியன் ஆன்றி என்னும் இரு பொறியியலாளர்கள், அட்டையும் வில்லையுங் கொண்டு இதனைச் சமைத்தனர். 2014 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் வரைபடத்தை எவரும் எடுத்துத் தாமே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று இலவசமாகவே வெளியிட்டனர். 2015 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைப் பெட்டிகளைத் தன் சந்தாதாரர்களுக்கு ஞாயிறு இதழோடு சேர்த்து வழங்கியது. பத்திரிகையோடு பயணமும் வீட்டு வாயிலுக்கு வந்த நாள் அது எனலாம். 2021 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தன் விற்பனையை நிறுத்திவிட்ட போதிலும், வரைபடம் பொதுச்சொத்தாகிவிட்டபடியால் பிறர் செய்யும் பெட்டிகள் கடைகளிற் கிடைக்கவே செய்கின்றன. நாம் வாங்கிய பெட்டியின் விலை, ஒரு நல்ல குடையின் விலைக்கு மேற்படவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது, தட்டையாக மடித்த அட்டை, ஐந்து சதக் குற்றியினும் சற்றுப் பெரிய இரு குவிவு வில்லைகள், தொலைபேசியை இறுக்கிப் பிடிக்க ஓர் இறப்பர் பட்டி ஆகியவையே இருந்தன. கோடிட்ட இடங்களில் மடித்தால் ஒரு நிமிடத்திற் பெட்டி உருவாகிவிடுகின்றது. தொலைபேசித் திரையில் ஒரே காட்சி இரண்டாகப் பிரிந்து அருகருகே தோன்றும். இடக்கண் இடப்படத்தையும் வலக்கண் வலப்படத்தையும் நோக்கும். அஃதோடு, தொலைபேசியினுள் அமைந்த ஜைரோஸ்கோப் என்னும் நுண்கருவி, தலை எப்பக்கம் திரும்புகின்றது என்பதைக் கணந்தோறும் அளந்து, காட்சியையும் அதற்கேற்பத் திருப்பிவிடுகின்றது. நாம் மேலே நோக்கினால் முகடு தெரியும். பின்னே திரும்பினால் பின்னாலுள்ளது தெரியும். மலிவான தொலைபேசிகள் சிலவற்றில் இந்நுண்கருவி இருப்பதில்லை. ஆதலால், பெட்டி வாங்குமுன் தொலைபேசியைச் சோதித்தறிவது நலம்.

குகை வாயிலில்

எமது வீட்டில் அதனை முதலில் அணிந்தவன் எட்டு வயது நிரம்பிய மருமகனே. "மாமா, நிலத்தைக் காணேல்லை!" என்று அவன் கூவி, இரு கைகளையும் நீட்டி வெளியைத் துழாவியது கண்டு வீடே சிரித்தது. அவனிடமிருந்து பெட்டியை மீட்பதற்கு ஒரு சீனிப்பணியாரம் கொடுக்கவேண்டியதாயிற்று. பின்னர் நாம் நாற்காலியில் அமர்ந்து, பெட்டியைக் கண்களோடு பொருத்தினோம். விறாந்தை மறைந்தது; வேலியும் மறைந்தது. இருளும் மெல்லிய தீயொளியுமாக வேறோர் உலகம் எம்மைச் சூழ்ந்தது.

நாம் கண்ட காட்சி, கூகிள் நிறுவனத்தின் கலை பண்பாட்டுப் பிரிவினர் குகையைப் பேணுவோருடன் சேர்ந்து 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஏறத்தாழப் பத்து நிமிட நேரம் ஓடுவது. குகையின் சுவர்களை ஒளிக்கதிரால் நுணுக்கமாக அளந்து பெற்ற பதிவுகளைக் கொண்டே அது ஆக்கப்பட்டது. ஆதலின், சுவரின் மேடுபள்ளங்கள் யாவும் ஓவியனொருவன் கற்பித்தவை அல்ல. உள்ளவை உள்ளவாறே அமைந்தவை.

ஷோவே குகை அமைந்துள்ள இடம் ஆர்டேஷ் ஆற்றின் பள்ளத்தாக்கு. சுண்ணாம்புப் பாறையை ஆறு காலங்காலமாக அரித்து, ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள இயற்கைப் பாலமொன்றை அங்கு சமைத்திருக்கின்றது. அதனருகேயுள்ள செங்குத்தான பாறைச் சரிவில், 1994 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோன் மரி ஷோவே, எலியற் புறூனெல், கிறிஸ்தியான் இலேர் என்னும் மூவர் நடந்து சென்றனர். கற்குவியலொன்றின் இடுக்கிலிருந்து மெல்லிய காற்று வீசுவதை அவர்கள் உணர்ந்தனர். காற்று வருமாயின் உள்ளே வெளி இருக்கவேண்டும் என்று கற்களை அகற்றி, ஒடுங்கிய வழியில் ஊர்ந்து, ஏணி இறக்கி உட்புகுந்தனர். விளக்கொளியில் சுவரிலே செங்காவியாற் தீட்டிய சிறிய யானையுருவொன்று புலப்பட்டதும், "அவர்கள் இங்கு வந்திருக்கிறார்கள்" என்று எலியற் அம்மையார் கூவினாராம்.

"அவர்கள்" எனப்பட்டோர் யார்? கரித்துண்டுகளைக் காலக்கணிப்புச் செய்த விஞ்ஞானிகள், அங்குள்ள ஓவியங்களுட் பழையவை ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்கின்றனர். எகிப்தின் கூர்ங்கோபுரங்கள் எழுந்து இன்றைக்கு 4,500 ஆண்டுகளே ஆகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இக்காலத்தின் நீளம் விளங்கும். பின்னர் பாறை சரிந்து வாயில் அடைபட்டு, இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதக் கண் படாமலே அக்குகை இருளில் உறங்கியது.

சுவர்கள் பேசுகின்றன

தீயொளி அசைய, சுவரில் முதலிற் தோன்றியவை செந்நிற உள்ளங்கைப் பதிவுகள். செங்காவியில் தோய்த்த கையைச் சுவரில் ஒற்றி ஒற்றி ஒருவர் பதித்திருக்கின்றார். அவரது சுண்டுவிரல் சற்றே வளைந்திருப்பது பதிவுகளில் மீண்டும் மீண்டும் தெரிவதால், அவையெல்லாம் ஒரே மனிதரின் கையெனக் கண்டறிந்துள்ளனர். பெயர் இல்லை, மொழி இல்லை, முகம் இல்லை. வளைந்த சுண்டுவிரல் மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. அதனைக் கண்டபோது எம்மையறியாமலே எமது கையும் முன்னே நீண்டது. தொட்டது வெறுங் காற்றைத்தான்.

சற்றுத் தலை திருப்பினோம். மென்மையான சுவரில் விரலாற் கீறிய ஆந்தையொன்று. உடல் அப்புறம் திரும்பியிருக்க முகம் மட்டும் எம்மை நோக்குகின்றது. ஆந்தையின் இயல்பை அறிந்து வரைந்த கை அது. பிறிதோரிடத்தில், உயர்ந்த கல்லின்மேல் ஒரு குகைக் கரடியின் மண்டையோடு பீடத்தில் வைத்தாற்போல் வைக்கப்பட்டிருக்கின்றது. வழிபாடோ, விளையாட்டோ, எவரும் அறியார். இன்னுமோர் சுவரில் நான்கு குதிரைத் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றின் கீழே இரு காண்டாமிருகங்கள் கொம்போடு கொம்பு மோதி நிற்கின்றன. குகையின் கடைக்கோடியில் சிங்கக் கூட்டமொன்று காட்டெருதுகளை நோக்கிப் பாயக் காத்திருக்கின்றது. சிங்கங்கள் யாவும் ஒரே திசையில் உற்றுநோக்கும் அப்பார்வை இருக்கின்றதே, அதனை வரைந்தவர் அப்பார்வையின் எதிரே ஒருநாள் நின்றிருத்தல் வேண்டும்.

ஓவியர்கள் சுவரை முதலிற் சுரண்டி வெண்மையாக்கி, கரியால் வரைந்து, விரலால் தேய்த்து நிழல் காட்டியிருக்கின்றனர். பாறை புடைத்த இடத்தில் விலங்கின் தோள் அமைகின்றது. குழிந்த இடத்தில் கழுத்து அமைகின்றது. ஓடுவதைக் காட்டும்பொருட்டு ஓர் எருதுக்கு எட்டுக் கால்கள் வரைந்திருக்கின்றனர். தட்டையான புத்தகப் படத்தில் இவ்வழகிற் பாதி தெரிவதில்லை. சுவரின் புடைப்பும் வளைவுங் கண்முன் நிற்க, ஒளி நகர நகர விலங்கும் நகர்வது போன்ற தோற்றத்தை இந்தப் பெட்டியே எமக்குக் காட்டிற்று. இதனை வியாபார வேடிக்கை என்று எண்ணியிருந்தோர் எவராயினும் இவ்விடத்தில் மௌனமாவர்.

அக்குகையின் மண்ணில், சிறுபிள்ளையொன்று நடந்து சென்ற அடிச்சுவடுகளும் உள. எட்டு வயதளவில் இருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். இதனை எமது மருமகனுக்குச் சொன்னபோது, அவன் தன் பாதத்தைக் குனிந்து நோக்கிவிட்டு, "அந்தப் பிள்ளைக்குப் பயமில்லையோ?" என்று கேட்டான். சரித்திரப் புத்தகம் எதுவும் அவனிடம் எழுப்பாத வினா அது.

கதவு ஏன் அடைக்கப்பட்டது?

இத்தகைய அற்புதத்தை மக்கள் காணலாகாது என்று தடுத்தது நியாயமோ எனச் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை லாஸ்கோ என்னும் பிறிதொரு பிரெஞ்சுக் குகையில் இருக்கின்றது. 1940 இற் கண்டெடுக்கப்பட்ட அக்குகை 1948 இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே சென்று வந்தனர். எவரும் ஓவியத்தைத் தொடவில்லை; கீறவில்லை. ஆயினும், அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும், கரியமில வாயுவும், உடற்சூடும், விளக்கொளியும் சேர்ந்து சுவரிற் பச்சைப் பாசியைப் படரச் செய்தன. பதினேழாயிரம் ஆண்டுகள் கெடாதிருந்தது பதினைந்து ஆண்டுகளிற் கெடத் தொடங்கியது. 1963 இற் கதவை மூடினர். அன்பினாற் சென்று பார்த்தவர்களாலேயே அது அழியப் பார்த்தது.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அரசு, ஷோவே குகையைக் கண்டுபிடித்த நாள் முதலே காவலிட்டுவிட்டது. ஆராய்ச்சியாளர் சிலர் மாத்திரம் ஆண்டிற் சில வாரங்கள் உலோகப் பாதையின்மேல் நடந்து செல்வர். 2014 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. 2015 இல் அதன் பிரதியொன்று அண்மையிற் கட்டித் திறக்கப்பட்டது. பாரிசில் வாழும் எம்மவர் பலர் விடுமுறைக் காலத்தில் அங்கு சென்றுவரலாம். எஞ்சிய எமக்கு இந்த அட்டைப் பெட்டி உண்டு. எமது சிகிரியாவின் ஓவியங்களை 1967 ஆம் ஆண்டில் விஷமிகள் வர்ணம் பூசிச் சிதைத்த கொடுமையை அறிந்தவர்க்கு, காவலின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெட்டியாற் கூடாதவை

பெட்டியின் குறைகளையும் சொல்லாது விடுதல் முறையன்று. தலையைத் திருப்பலாமேயன்றி ஓரடி முன்வைத்து நடக்கவியலாது. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். திரையை வில்லைகள் பெருப்பித்துக் காட்டுவதால், ஓவியத்தின்மேல் மெல்லிய வலை போர்த்தாற்போற் புள்ளிகள் தெரிகின்றன. காட்சி தானாக நகரும்போது கண் "செல்கின்றோம்" என்கின்றது; உட்செவியோ "இருக்கின்றோம்" என்கின்றது. இந்தப் பிணக்கினாற் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆகவே, நின்றுகொண்டு பார்த்தல் ஆகாது. சிறுவரை நெடுநேரம் பார்க்கவிடுதலும் ஆகாது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. குகையின் பதின்மூன்று பாகைக் குளிர் எம்மேற் படவில்லை. ஈரமண்ணின் வாசனை எழவில்லை. ஒருவர் பார்க்க ஏனையோர் அவரைப் பார்த்திருக்கவேண்டியதே. கட்டுச்சோறு கட்டி, ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி விழுந்து, வழிநெடுகச் சண்டையிட்டும் சிரித்தும் போகும் குடும்பப் பயணத்தின் இன்பத்தை எந்தப் பெட்டியிலும் அடைத்துவிட முடியாது. போகக்கூடிய இடங்களுக்குப் போகாதிருப்பதற்கு இது சாட்டாக அமைந்துவிடலாகாது. போகமுடியாத இடங்களுக்கே இது துணை.

பெரியம்மாவின் கேள்வி

அன்று பெட்டியைக் கடைசியாக வாங்கியவர் எமது பெரியம்மா. எண்பது வயதைக் கடந்தவர். கைத்தடியின்றி முற்றத்துக்கும் இறங்கமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி, நெடுநேரம் ஒன்றும் பேசாமற் பார்த்தார். குதிரைகளைக் கண்டபோது மாத்திரம், "வடிவாய்க் கீறியிருக்கினம்" என்று மெல்லச் சொன்னார். பெட்டியைக் கீழே வைத்தபின் அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, உதுக்குள்ளை எங்கடை மயிலிட்டி வீட்டைப் பாக்கேலாதோ?"

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் யாவரும் ஊரை விட்டுப் பெயர்ந்த கதையை வாசகர்கள் அறிவர். ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு வந்தவர் பெரியம்மா. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2017 இல் துறைமுகமும் அயல் நிலமும் மக்களிடம் மீண்டன. அவரை அழைத்துக்கொண்டு சென்றபோது, வீடு நின்ற இடத்திற் கிணற்றுக்கட்டும் ஒரு புளியமரமும் மாத்திரமே இருந்தன. அந்த வீட்டின் படம் என்று எம்மிடமிருப்பது, ஒரு கலியாணத்தன்று வாசலில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே. அதிலும் வீட்டின் தூணொன்று மட்டுமே தெரிகின்றது. மீதியை உறவினர் மறைத்து நிற்கின்றனர்.

"அதை ஒருத்தரும் படம் பிடிக்கேல்லையே, பெரியம்மா" என்றோம். "ஓம், ஆர் நினைச்சது" என்று கூறிக் கண்ணாடியை மீண்டும் அணிந்துகொண்டார்.

முப்பத்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் சுண்டுவிரலைக் காட்டிய கருவிக்கு, முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரு நாற்சார் வீட்டைக் காட்ட முடியவில்லை. கருவியின் குறையன்று அது. குகையை எவரோ அளந்து பதிந்து வைத்தனர். வீட்டை எவரும் பதிந்து வைக்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டும் எழுந்து வெண்மையாக நிற்கின்றது. பிரதி எடுக்கப்படாத ஏடுகளோ மீளவேயில்லை. பதிந்து வைத்ததற்கே மறுபிறவி உண்டு.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

இன்று கல்லூரி மாணவர் பலரின் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. நின்ற இடத்தில் நின்று மெல்லச் சுற்றிவந்து, நாற்புறத்தையும் ஒரே நீண்ட படமாகப் பிடிக்கும் வசதி அவற்றுட் பெரும்பாலானவற்றில் உண்டு. தம் முகத்தைத் தாமே பிடிக்கும் ஆயிரம் படங்களுக்கிடையில், பாட்டனார் வீட்டின் உள்முற்றத்தை ஒருமுறை பிடித்து வையுங்கள். ஊர்க் கோவிலின் தேர்முட்டி, தெருவோரத்து ஆவுரஞ்சிக்கல், சந்தியிலுள்ள சுமைதாங்கி, இடிந்துவரும் மடம், அடுக்களையின் புகைக்கூடு ஆகிய யாவற்றையும் பிடியுங்கள். படத்தின் கீழே ஊர்ப் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகிருத்தி, எந்த மூலையில் எவர் உறங்கினார், எந்தத் தூணில் எவர் சாய்ந்திருந்தார் என்று கேட்டுக் குரலையும் பதியுங்கள். ஒரே இடத்தில் வையாது, இரண்டு மூன்று இடங்களிற் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வேலைக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; ஒரு பிற்பகல் போதும். குகையில் வாழ்ந்த மனிதர், தாம் கண்டதைச் சுவரில் எழுதிவிட்டுப் போயினர். அவர்கள் வந்திருந்தார்கள் என்று இன்று நாம் அறிகின்றோம். நாமும் இங்கு இருந்தோம் என்று நாளை ஒரு பிள்ளை அறியவேண்டுமாயின், எழுதவேண்டிய சுவர் இப்பொழுது எமது கையிலேயே இருக்கின்றது.